கீழ்ப் பலகைக்கு அடியில் கல்வாழை

ஹான்காக், மிச்சிகன்
ஜனவரி 11, 1994

லெம்பிக்கு,

கடுதாசி எழுதி எனக்குப் பழக்கமில்லை. போன்ல பேசவும் வராது, உனக்கே தெரியும். நீ கூப்பிடறப்பல்லாம் "இரு, உங்க அக்காவைக் கூப்பிடறேன்"னு சொல்றதுதான் முப்பது வருஷமா என் வேலை. இப்போ கூப்பிட ஆளில்லை. அதனால எழுதறேன்.

உங்க அக்கா வச்சிருந்த கிழங்கையெல்லாம் நான் அவிச்சுட்டேன். வேடிக்கைக்குச் சொல்லலை. நிஜமாவே அவிச்சுட்டேன்.

வருஷா வருஷம் இலையெல்லாம் பனியில கருகினதும் சைமிதான் கல்வாழை, யானைக்காது சேம்பு, இன்னும் என்னென்னமோ தோண்டி, ஒரு பெட்டியில மரத்தூள்ல புதைச்சு, நிலவறையில வடக்குச் சுவர் ஓரம் வைப்பா. இந்தத் தடவை மழையில அந்தச் சுவர் கசிஞ்சுது. "சவுனாவுக்குள்ள தள்ளிடு, யாரு குளிக்கப் போறா"ன்னா. அவ நெஞ்சுக்கு ஆவி ஆகாதுன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து நானும் நிலவறையிலேயே இருக்கற அந்த ஆவிக் குளியல் ரூம்ல அடுப்பு மூட்டறதில்லை. நான்தான் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய், உக்காந்து குளிக்கற கீழ்ப் பலகைக்கு அடியில, உள்ள தள்ளி வச்சேன். அவ போனப்புறம், கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் அடுப்பு மூட்டினேன். பெட்டி ஞாபகமே வரலை. மறுநாள் காலையில வீடு பூரா கிழங்கு வெந்த வாசனை. இழுத்துப் பாத்தா எல்லாம் கூழ்.

சைமியை இன்னும் மண்ணுல வைக்கலை. தரை இரும்பா உறைஞ்சு கிடக்கு. குளிர்காலத்துல செத்துப்போறவங்களை வைக்கற அந்தக் கல்கட்டடத்துலதான் அவ சவப்பெட்டி இருக்கு. ஜூன்லதான் தோண்ட முடியும். அடக்கம் முடிஞ்சு எல்லாரும் காபிக்கு வீட்டுக்கு வருவாங்க. ரோட்டோரம் அவ பாத்தி வெறும் மண்ணாக் கிடந்தா என்னால பாக்க முடியாது லெம்பி. போற வண்டியெல்லாம் மெதுவாப் போய்ப் பாத்துட்டுப் போன பாத்தி அது.

அதே மாதிரி திரும்ப வைக்கணும். என்னென்ன வாங்கணும்னு எழுது. எந்தப் பேரு எந்தச் செடின்னு எனக்குத் தெரியாது. கொட்டற மழைக்குக் குடை பிடிக்கிற அளவு ஒரு இலை. ரோடு வேலைக்காரன் போடற சட்டை ஆரஞ்சுல ஒரு பூ. முன்னாடி கறுப்பும் சிவப்புமா குட்டையா ஒண்ணு.

சிகாகோ வரைக்கும் வந்து பனியில மாட்டிக்கிட்ட உனக்காக நான் சர்ச்ல அவ இறுதி ஜெபத்தைத் தள்ளி வைக்கலைன்னு உனக்குக் கோபம். இருக்கட்டும். செடி விஷயத்தை எழுது.

ஆர்வோ


லேக் வொர்த், ஃப்ளோரிடா
ஜனவரி 24, 1994

ஆர்வோ,

அத்தான்னு எழுத இன்னிக்குக் கை வரலை. அத்தான் இல்லைன்னா நீங்க, வாங்க, போங்களும் கிடையாது.

கோபம் இருக்கட்டுமாம்! பெரிய மனசுதான். பாதி ஜில்லாவுக்குப் பனி தள்ளற வண்டி ஓட்டினவன் நீ. பனின்னா என்ன, வானம் எப்போ வெளுக்கும்னு உனக்குத் தெரியாதா? ஒரே ஒரு நாள் தள்ளி வச்சிருந்தா எங்க அக்கா மூஞ்சியைப் பாத்திருப்பேன். சிகாகோ ஏர்போர்ட்ல கறுப்பு உடுப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, "விடுமுறைக்கா போறீங்க?"ன்னு கேட்டா. ஆமாம்னுட்டேன்.

இப்போ இந்தக் கூத்து வேற. ஏன்ப்பா, ஒத்தை ஆளு குளிக்க அவ்வளவு சூடு எதுக்கு? நானும் அந்த ஊர்ல பொறந்தவதான். மேல்பலகைதான் கொதிக்கும். கீழ்ப் பலகைக்கு அடியில கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம். அங்க இருந்த கிழங்கு கூழாகணும்னா எத்தனை விறகைத் திணிச்சிருப்பே? குடிச்சிருந்தியா?

சரி, அந்தப் பாத்தி எதுக்குன்னு உனக்குத் தெரியுமா? சொல்றேன் கேளு. நானும் எங்க வீட்டுக்காரர் எய்னோவும் இங்க வந்த முதல் வருஷம் சைமிக்கு ஒரு கல்வாழைக் கிழங்கை ஷூ டப்பாவுல வச்சு அனுப்பினேன். "வாடி, வந்து பாரு, இங்க இதெல்லாம் தானா வளருது"ன்னு எழுதினேன். வரேன்னா. குளிர்காலத்துல ஆர்வோவுக்கு லீவு கிடைக்காது, வசந்தத்துல வரோம்னா. வசந்தத்துல வரலை. நீ ரிட்டயர் ஆகட்டும்னா. ஆனே. "இந்த வருஷம் வேணாம்ங்கறார், அடுத்த வருஷம் பாக்கலாம்"னா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட அவ இங்க காலை வைக்கலை. தனியா வான்னா, "அவர் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவார்?"

நீ வரமாட்டேன்னே. அதனால அவ ஃப்ளோரிடாவை அங்கேயே நட்டுக்கிட்டா. கோடைக்கு மூணு மாசம். அவ்வளவுதான் உன் பாத்தி.

அவ இன்னும் மண்ணுக்குள்ள போகலை இல்ல? என்கிட்ட அனுப்பு. எய்னோ கல்லறைப் பக்கத்துல இடம் இருக்கு. இங்க தரை உறையாது. காலம் பூரா குளிர்ல வச்சிருந்தே, இனிமேலாவது விடு.

லெம்பி


ஹான்காக்
பிப்ரவரி 20

லெம்பிக்கு,

உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. படிச்சேன், மடிச்சு ரேடியோ மேல வச்சேன். திரும்ப எடுத்துப் படிச்சேன்.

குடிச்சிருக்கலை.

பாத்தி எதுக்குன்னு எனக்குத் தெரியாது. கலர் பிடிச்சுதுன்னு நினைச்சேன். அவ மண்வெட்டியோட நிக்கறப்போ, "சைமி, காடே வச்சுட்டே, குரங்கு எப்போ வருது?"ன்னு கேப்பேன். வருஷா வருஷம் அதே கேள்விதான். அவ சிரிப்பா. சிரிச்சாளேன்னு நான் சும்மா இருந்துட்டேன்.

அவ உன்கிட்டச் சொன்ன மாதிரி என்கிட்ட ஒரு தடவை சத்தம் போட்டுச் சொல்லியிருந்தா வந்திருப்பேனா? தெரியலை. பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த ஊரு பிடிக்காது. பாக்காமலே பிடிக்காது.

அனுப்ப மாட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல இடம் இருக்கு. கல்லறைக் கல்லுல ரெண்டு பேரோட பேரையும் வெட்டியாச்சு. என் பேருக்குக் கீழ தேதி மட்டும் பாக்கி.

பாத்தி என் பழைய வண்டி நீளம் இருக்கும், அகலமும் கிட்டத்தட்ட அதே. காலையில வெயில், சாயங்காலம் கொட்டகை நிழல் விழும். செடி எழுதுவியா, மாட்டியா? மாட்டேன்னா சொல்லிடு. விதைக்கடைப் புஸ்தகத்துல படம் பாத்து நானே வாங்கிக்கறேன்.

ஆர்வோ


லேக் வொர்த்
மார்ச் 9

அத்தான்,

படம் பாத்து வாங்கறாராம்! கிழிஞ்சுது. புஸ்தகத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கும். மூணு மாசக் கோடையில எது பூக்கும், எது பூக்கறதுக்குள்ள கருகும்னு படத்துல போட்டிருக்காது. வேண்டாம், நானே எழுதறேன். உங்களுக்காக இல்லை, அவளுக்காக.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அதே மாதிரி வேணும்னு கேக்காதீங்க. உங்க ஆரஞ்சுக் கல்வாழை நான் ஷூ டப்பாவுல அனுப்பினேனே, அந்த ஒரே கிழங்கோட வாரிசு. அதைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் அவ பாத்தி பூரா நிரப்பினா. அந்த வகையை இங்க யாரும் இப்போ வச்சிருக்கலை. போனது போச்சு. புதுசாத்தான் போடணும்.

பின்னால சிவப்பு ஆமணக்கு. விதை இந்தக் கடுதாசியோட இருக்கு. ராத்திரி பூரா ஊறவச்சு, ஏப்ரல்ல அடுப்படி ஜன்னல்ல தொட்டியில போடுங்க. ஒரே கோடையில உங்களை விட உயரமா வளரும். விதை விஷம், வாயில வச்சுப் பாக்காதீங்க. நீங்க வச்சுப் பாக்கற ஆளுதான்.

நடுவுல கல்வாழையும் சேம்பும். சேம்புக்குத் தண்ணி போதவே போதாது, காபிக் கெட்டில் கழுவற தண்ணியைக் கூட ஊத்துங்க. கல்வாழையில இலையே செம்பா இருக்கற ஒரு வகை வந்திருக்கு, அது அவகிட்ட இருந்ததில்லை. முன்னாடி கோலியஸ், அதுதான் நீங்க சொன்ன கறுப்பு சிவப்பு. கொட்டகை நிழல் விழற மூலையில காலேடியம். வெள்ளை இலை, நடுவுல ரத்தக் குழாய் மாதிரி சிவப்பு நரம்பு. ஒரு தடவை அவளுக்கு அனுப்பினேன், முளைக்கவே இல்லைன்னா. குளிர்ந்த மண்ணுல வச்சிருப்பா, அவசரக்குடுக்கை. நாம மெதுவா வைப்போம்.

மே மாசத்துல ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் எதையும் வெளிய தூக்கி வைக்காதீங்க. உங்க ஊரு ஏரி நல்லாச் சிரிச்சுட்டு, ராத்திரியோட ராத்திரியா பனியை இறக்கிக் கழுத்தறுக்கும். ஜூன் பாதி ஆகட்டும்.

இவ்வளவும் எழுதினதால நான் சமாதானம் ஆயிட்டேன்னு அர்த்தம் இல்லை. அவளை அனுப்புங்கன்னு திரும்பவும் கேக்கறேன். தேதி வெட்டாத கல்லு யாருக்கு வேணும்? அவளுக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. குடிச்சிருக்கலைன்னு மட்டும் எழுதினீங்க. அவ்வளவு சூடு எதுக்குன்னு எழுதலையே. எனக்குப் புரியணும் அத்தான். அந்தக் கிழங்குதான் அவளும் நானும் இத்தனை வருஷம் பேசிக்கிட்ட பேச்சு.

லெம்பி


ஹான்காக்
ஏப்ரல் 10

லெம்பிக்கு,

ஆமணக்கு முளைச்சிருக்கு. வாயில வச்சுப் பாக்கலை.

கேட்டுக்கிட்டே இருக்கே, எழுதிடறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உங்க அம்மா வீட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. எல்லாரும் குளிச்சு முடிச்சப்புறம் சவுனா அடுப்பை அணைய விட மாட்டாங்க. இன்னும் ரெண்டு கட்டை போட்டு, வாளியில தண்ணி, பலகை மேல துண்டு, கதவைச் சாத்திட்டு வந்துடணும். செத்துப்போனவங்க வந்து குளிப்பாங்கன்னு உங்க அம்மா சொல்வாங்க. நான் பழைய காலத்துப் பேச்சுன்னு சிரிப்பேன். சைமி சிரிக்க மாட்டா. அம்மா போனதுலேர்ந்து ஒரு வருஷம் கூட விடாம அவங்களுக்குத் தண்ணி வச்சா.

நான் குளிக்கவே இல்லை லெம்பி. எனக்காக மூட்டலை.

அவ அந்தக் கல்கட்டடத்துல இருந்தா. சாயங்காலமே ஏரியிலேர்ந்து காத்து அடிக்க ஆரம்பிச்சுது. எப்பேர்ப்பட்ட குளிர்னு எனக்குத் தெரியும், அந்தக் காத்துல வண்டி ஓட்டினவன் நான். அவ படுக்கையில ரெண்டு காலையும் என் முழங்காலுக்குப் பின்னால வச்சுச் சூடு பண்ணிக்கறவ. ஐஸ் மாதிரி இருக்கும். தள்ளிப் போன்னு திட்டுவேன்.

ரெண்டு கட்டை போட்டேன். போதாதுன்னு தோணிச்சு. இன்னும் போட்டேன். மேல வந்து உக்காருவேன், அணைஞ்சிருக்குமோன்னு திரும்ப எறங்குவேன். வாசலண்டை இருந்த விறகு காலியாச்சு, கொட்டகையிலேர்ந்து எடுத்துட்டு வந்தேன். உள்ள எட்டிப் பாக்கலை. அவ குளிச்சுக்கிட்டிருந்தா பாக்கறது சரியில்லைன்னு தோணிச்சு. கதவை மட்டும் திறந்து அடுப்புல போட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வருவேன். பெட்டி எப்படிக் கண்ணுல படும்?

காலையில அந்த வாசனை வந்ததும் அவ அடுப்படியில கிழங்கு அவிக்கறான்னு நினைச்சுட்டேன். "சைமி"ன்னு கூப்பிட்டுட்டேன். சத்தமாவே கூப்பிட்டேன்.

நீ சொன்னது நியாயம்தான். காலம் பூரா அவளைக் குளிர்லயே வச்சுட்டேன். குரங்கு வருமான்னு கேலி வேற. யோசிச்சுப் பாக்கச் சொன்னே, பாத்தேன். கூட்டிக்கோ. பனி கரைஞ்சதும் கல்லறைத் தோட்டத்துல பேசி ஏற்பாடு பண்றேன், நானே கூட வந்து விட்டுட்டு வரேன். அந்த ஊரை அப்படியாவது பாத்துடறேன்.

கல்லுல இருக்கற அவ பேரை என்ன பண்றதுன்னுதான் தெரியலை. செதுக்கி எடுக்க முடியாதாம்.

ஆர்வோ


லேக் வொர்த்
ஏப்ரல் 19

அத்தான்,

அவளை அனுப்பாதீங்க.

உங்க கடுதாசியைத் தபால்பெட்டி பக்கத்துலயே நின்னு படிச்சேன். ரோட்டோரச் சாக்கடைப் பக்கம் கல்வாழை ஆள் உயரம் நிக்குது. நான் அழுதுக்கிட்டு நிக்கறேன், நகராட்சிக்காரன் மெஷினை எடுத்துட்டு வந்து அத்தனையையும் பூவோட சேத்து அறுத்துட்டுப் போறான். இங்க அதுக்கு அவ்வளவுதான் மரியாதை. திரும்ப முளைக்கும், திரும்ப அறுப்பான். எவனும் வண்டியை மெதுவா ஓட்டிப் பாக்கறதில்லை.

குடிச்சிருந்தியான்னு கேட்டுட்டேனே. என் நாக்குல தீயை வைக்க. மன்னிச்சுடுங்க அத்தான்.

எய்னோ போய் ஆறு வருஷம் ஆகுது. அவருக்கு நான் ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூடத் தண்ணி வைக்கலை. சவுனா இருக்கு, இல்லாம இல்லை. அலமாரி அளவு, கரண்ட்ல ஓடறது. அதுக்குள்ள பழைய மின்விசிறி, கிழிஞ்ச பாய், ஒட்டடைக்குச்சி. இந்த வெயில்ல எவன் சவுனா போடுவான்னு சாமான் ரூம் ஆக்கிட்டேன். எய்னோ வந்து பாத்திருந்தா ஒட்டடைக்குச்சி மேலதான் உக்காந்திருப்பார், பாவம்.

அவளை நான் கூட்டிட்டு வந்து இங்க என்ன பண்ணப் போறேன்? நல்ல மண்ணு இருக்கு, வெயில் இருக்கு. அவளுக்குக் குளிருமேன்னு ஓடி ஓடி விறகு போட ஆள் இல்லை. அவ அங்கேயே இருக்கட்டும். உங்க பேரு பக்கத்துலயே இருக்கட்டும்.

ஜூன்ல வரேன். இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாடியே கிளம்பிடறேன், எந்த வானத்தையும் நம்பறதில்லை. கல்வாழை, காலேடியம், சேம்பு எல்லாம் என் பெட்டியில வரும். காபிக்கு ஏலக்காய் ரொட்டி நான் சுடறேன். கடையில வாங்கி வச்சு மானத்தை வாங்கிடாதீங்க.

லெம்பி


ஹான்காக்
அக்டோபர் 2

லெம்பிக்கு,

நீ ஊருக்குப் போய்ச் சேந்ததும் எழுதச் சொன்னே. கோடை முடிஞ்சு எழுதறேன். கோவிச்சுக்காதே.

நீ கிளம்பின அடுத்த வாரமே ஒரு பனி விழப் பாத்தது. ஜூன் கடைசி! ரேடியோவுல சொன்னான். வீட்டுல இருந்த போர்வை, படுக்கை விரிப்பு எல்லாத்தையும் கொண்டு போய்ப் பாத்தியை மூடினேன். காலேடியம் மூலைக்குப் பத்தலை. சைமியோட நீல கோட்டைப் போட்டு மூடினேன். காலையில ரோட்டுல போன ஒருத்தன் ஆளு விழுந்து கிடக்குன்னு வண்டியை நிறுத்திட்டான்.

ஒண்ணும் கருகலை. காலேடியம் வந்துது லெம்பி. அவளுக்கு வராதது எனக்கு வந்துது. நரம்பு சிவப்பா, நீ சொன்ன மாதிரியே. ஆகஸ்ட்ல ஆமணக்கு கொட்டகைக் கூரையைத் தொட்டுது. செம்பு இலைக்கு முன்னாடி கோலியஸ் நின்னப்போ எனக்கே மூச்சு நின்னுது. வண்டியெல்லாம் மெதுவாப் போச்சு. கீழ்த்தெரு வெய்ன்யோ வேலிக்கு மேல எட்டிப் பாத்து, "என்னய்யா, சைமி வச்சதை விட நல்லா இருக்கே!"ன்னான். பாராட்டத்தான் சொன்னான். உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். அவ இல்லாம அது நல்லா இருக்கறது எனக்குப் பிடிக்கலை.

போன வாரம் பனி விழுந்துது. ஒரே காலையில எல்லாம் வெந்த கீரை. நீ எழுதிக் கொடுத்த மாதிரி தோண்டி, உலர்த்தி, மரத்தூள்ல போட்டாச்சு. வடக்குச் சுவரைக் கோடையிலேயே பூசிட்டேன். பெட்டி அங்கதான். சவுனா பக்கமே கொண்டு போகலை.

அடக்கத்தன்னிக்கு எல்லாரும் ஒரு பிடி மண்ணு போட்டப்போ நீ ஒரு கிழங்கை எடுத்து அவ தலைமாட்டுல நட்டியே, அதுவும் பூத்துது. அதை மட்டும் விட்டுடலாமான்னு பாத்தேன். விட்டா செத்துடும், சைமி திட்டுவா. மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். பொண்டாட்டி கல்லறையில ஒருத்தன் தோண்டிக்கிட்டிருக்கறதைப் பாத்துட்டு அந்தக் கல்லறைத் தோட்டத்துக்காரன் ஓடி வந்தான். விவரத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழட்டிக்கிட்டு நான் முடிக்கற வரைக்கும் நின்னான்.

வீடு ரொம்ப அமைதியா இருக்கு.

ஆர்வோ


லேக் வொர்த்
டிசம்பர் 5

அத்தான்,

நீல கோட்டு விஷயத்தைப் படிச்சுச் சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு நிக்கலை, அப்புறம் அது சிரிப்பா இல்லை.

ஒரு விஷயம் கேக்கணும். கேக்கக் கூடாதது. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.

அந்த அலமாரி சவுனாவைக் காலி பண்ணிட்டேன். பாய், மின்விசிறி எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு. கரண்ட் வேலைக்காரன் வந்து பாத்தான், "பாட்டிம்மா, ஊரே ஏசி போடுது, நீங்க அடுப்பு போடறீங்களா?"ன்னு கேட்டான். போடா வேலையைப் பாருன்னேன். கல்லு நல்லாச் சூடாகுது. வாளி வாங்கி வச்சிருக்கேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எய்னோவுக்குத் தண்ணி வைக்கப் போறேன்.

சைமிக்கும் வைக்கலாம்னு பாக்கறேன்.

ஆனா நீங்க அங்க அடுப்பு மூட்டினா அவ அங்கதான் வருவா. உங்களை விட்டுட்டு இங்க வரமாட்டா, உயிரோட இருந்தப்பவே வரலையே. அதனாலதான் கேக்கறேன். இந்த ஒரு வருஷம் மட்டும் அங்க மூட்டாம இருங்க அத்தான். பாத்தியும் உங்களோடது, கல்லும் உங்களோடது. நானாத்தான் விட்டுக் கொடுத்தேன், திருப்பிக் கேக்கலை. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் அவளை எனக்கு அனுப்புங்க. இங்க இதெல்லாம் எப்படித் தானா வளருதுன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும். அடுத்த வருஷத்துலேர்ந்து அவ உங்ககிட்டயே.

லெம்பி


ஹான்காக்
டிசம்பர் 25

லெம்பிக்கு,

மூட்டலை.

காலையிலேயே பழக்கத்துல விறகைக் கொண்டு வந்து அடுப்புப் பக்கத்துல அடுக்கிட்டேன். அப்புறம் திரும்ப எடுத்துட்டுப் போய்க் கொட்டகையில போட்டேன். நேத்து ஏரிக் காத்து ஓயவே இல்லை. கை அடுப்புப் பக்கம் போய்க்கிட்டே இருந்துது.

சாயங்காலம் கீழ எறங்கிக் கிழங்கைத் தொட்டுப் பாத்தேன். எல்லாம் கெட்டியா இருக்கு, ஒண்ணும் அழுகலை. அப்புறம் சவுனாவுக்குள்ள போய்க் கோட்டைக் கழட்டாம கீழ்ப் பலகையில உக்காந்தேன். சில்லுன்னு இருந்துது. "போயிட்டு வா சைமி"ன்னேன். லீவு கிடைக்காது, அடுத்த வருஷம் பாக்கலாம்னெல்லாம் எதுவும் சொல்லலை. சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்.

வந்தாளா?

துண்டு விஷயம் முன்னாடியே எழுதணும்னு இருந்தேன், மறந்துட்டேன். அவளுக்குச் சின்னத் துண்டு ஆகாது. தோளைப் போத்திக்கிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உக்காந்திருப்பா. நீ எந்தத் துண்டு வச்சே?

ஆர்வோ